உங்களுக்குத் தெரியுமா? ரொறன்ரோப் பள்ளிக்கூடங்கள்

கனடாவின் மிகப் பெரிய கல்விச் சபை எங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் கீழ் 580 வரையான பாடசாலைகள் இயங்குகின்றன. மாணவர் தொகை 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், பழைய ரொறன்ரோ எனத் தனித்தனியாக இருந்த சபைகளை 1998 ஜனவரி 1ஆம் தேதி ஒன்றாக்கினார்கள். இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பேசப்படும் மொழிகள் 120க்கும் அதிகம். முன்வரிசையில் உள்ள மொழிகளில் தமிழும் ஒன்று.

கட்டணமில்லாப் பள்ளிக்கூடம் இந்த நகரத்துக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1840களின் கடைசியில் பாடசாலைகளை நடத்த வரி விதிக்கும் அதிகாரம் நகரசபைக்குக் கிடைத்தது. நகரசபை அந்த வரியை விதிக்க மறுத்தது. பணமில்லாமல் பொதுப் பாடசாலைகள் மூடப்பட்டன. கோர்க்டவுன் பகுதியில் பெரும்பாலும் ஏழை ஐரிஷ் குடியேறிகளின் குடும்பங்கள். அங்கே பியர் ஆலை வைத்திருந்த ஈனொக் ரேனர் தன் சொந்தப் பணத்தில் 1848இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டி, காசு வாங்காமல் பிள்ளைகளைச் சேர்த்தார். செங்கல்லால் கட்டிய அந்தக் கட்டடம் ட்ரினிற்றி வீதியில் இன்றும் நிற்கிறது. நகரத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பள்ளிக்கூடம் அதுதான். ஒன்ராறியோ முழுவதும் ஆரம்பக் கல்வி இலவசம் என்ற சட்டம் 1871இல்தான் வந்தது. இலங்கையில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் வந்ததால் படித்து முன்னேறிய எங்கள் அப்பா, அம்மாக்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

தோர்ன்கிளிஃப் பார்க்கில் ஒரு பாடசாலை இருக்கிறது. அங்கே பாலர் வகுப்புகளைத் தவிர வேறு வகுப்பே இல்லை. 2013இல் திறந்த ஃப்ரேசர் மஸ்ரார்ட் பாடசாலைதான் அது. நாலைந்து வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே கட்டடத்தில் படிக்கிறார்கள். பக்கத்துத் தொடக்கப் பாடசாலை நிரம்பி வழிந்ததால் சின்னவர்களுக்கென்று தனியாகக் கட்டினார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது? 1977இல் ஒன்ராறியோ அரசு மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது கல்வி அமைச்சர் தோமஸ் வெல்ஸ். ஸ்காபரோ மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் அவர். ஸ்காபரோவில் அவர் பெயரில் ஒரு பாடசாலையும் உண்டு. இப்போது சர்வதேச மொழிகள் திட்டம் என்று அழைக்கப்படும் இதில், வாரத்துக்கு இரண்டரை மணிநேரம் வரை அரசுச் செலவில் மொழி கற்கலாம். ஒரு மொழிக்கு 23 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் கல்விச் சபை அந்த வகுப்பைத் தொடங்கியே ஆகவேண்டும் என்று விதி சொல்கிறது. சபை விரும்பினால் செய்யும் உதவி இல்லை இது. பெற்றோரின் உரிமை. எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த வகுப்புகளை நடத்துகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர்கள் முழுநேர ஆசிரியர்கள் இல்லை; மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள். பலர் வாரநாளில் வேறு வேலைக்குப் போகிறார்கள். சனிக்கிழமை காலை பாடசாலைக் கதவு திறக்கும்போது, படம் ஒட்டிய எழுத்து அட்டைகளும் படியெடுத்த தாள்களும் நிறைந்த பையோடு வந்து நிற்பார்கள். அந்த அறை வாரநாளில் வேறொரு ஆசிரியரின் வகுப்பறை. கரும்பலகையில் அவர் எழுதி வைத்ததை அழிக்கக்கூடாது. மேசையில் இருப்பதைத் தொடக்கூடாது. ஒரே வகுப்பில் ‘அம்மா’ எழுதத் தெரியாத பிள்ளையும் இருக்கும், வீட்டில் அம்மம்மாவோடு சரளமாகப் பேசி, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். இருவருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தவேண்டும். மதியம் அறையை வந்தபோது இருந்தபடியே ஒழுங்காக்கிவிட்டுப் போகவேண்டும். இப்படி ஒரு தலைமுறையைத் தமிழ் எழுத வைத்தவர்களுக்கு எங்கள் சமூகம் மேடை போட்டு நன்றி சொன்னது போதாது என்பதே என் கருத்து.

உயர்பாடசாலையில் தமிழ் வெறும் ஆசைக்குப் படிக்கும் பாடம் என்று நினைக்காதீர்கள். ஒன்ராறியோ உயர்பாடசாலைச் சான்றிதழுக்கு 30 கிரெடிற் தேவை. ஒரு கிரெடிற்றுக்கு 110 மணிநேரம் படிக்கவேண்டும். தமிழைப் படித்தும் அந்தக் கிரெடிற்றைப் பெறலாம். அதற்கு மேலும் வழி உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 3 மில்லியன் டொலரை உலகத் தமிழர்கள் சேர்த்தார்கள். 2021இல் இலக்கு எட்டப்பட்டது.

அதே சான்றிதழுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. 40 மணிநேரம் ஊதியமில்லாமல் சமூகப் பணி செய்யவேண்டும். முதியோர் இல்லம், உணவு வங்கி, கோயில், நூலகம் என்று எங்கள் இளையவர்கள் போகும் இடங்கள் பல. கடைசி வருடம் வரை தள்ளிப்போட்டு அவசரப்படாமல் 9ஆம் வகுப்பிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

குடிவரவுப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பாடசாலை திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படி நாட்டில் தங்கியிருக்கவில்லை என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. 2007 மே மாதத்தில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. குடிவரவு நிலையைக் கேட்பதில்லை, தெரிந்தாலும் வெளியே சொல்வதில்லை என்று கொள்கை வகுத்தது. அகதிக் கோரிக்கையின் முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். அந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் வகுப்பில் உட்காருவதற்கு இந்தக் கொள்கையே காரணம். சபை எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

புதிதாக வந்த தாய், கடித உறையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பாடசாலை அலுவலகத்தில் நிற்பார். உறைக்குள் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருக்கும். எதை எங்கே கொடுப்பதென்று தெரியாது. அந்த நேரத்தில் “வாங்கோ அக்கா, இருங்கோ” என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும்? பாடசாலைகளில் குடியேற்ற உதவிப் பணியாளர்கள் இருப்பது இதற்காகத்தான். 1999இல் இந்தத் திட்டம் தொடங்கியது. படிவம் நிரப்புவதில் தொடங்கி, குளிர் உடுப்பு எங்கே மலிவாக வாங்கலாம், குடும்ப வைத்தியரை எப்படித் தேடலாம் என்பது வரை சொல்லிக் கொடுப்பார்கள். பெற்றோர், ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள்; அது பிள்ளைக்கும் பாரம், ஆசிரியருக்கும் சங்கடம்.

பனி கொட்டும் நாளில் பாடசாலை பஸ் ஓடாது. ஆனால் பாடசாலை திறந்திருக்கும். அன்று விடியுமுன் முதலில் வருபவர் கெயார்ரேக்கர். வாசற்படி, நடைபாதை, அவசரக் கதவு எல்லாவற்றிலும் பனியை வழித்து உப்புத் தூவுவார். மணி அடித்ததும் நூற்றுக்கணக்கான சப்பாத்துகள் உள்ளே கொண்டுவரும் சேற்றையும் உப்பையும் நாள் முழுக்கத் துடைப்பார். அவருக்கும் முடியாமல் போகும் நாள் எப்போதாவதுதான் வரும். 2022 ஜனவரி 17ஆம் தேதி அப்படி ஒரு நாள். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்ப இருந்த அன்றே பெரும் பனிப்புயல் அடித்தது. பாடசாலைகளை மூடவேண்டி வந்தது. அந்தத் தொற்றுக் காலத்தில் சபை ஊழியர்கள் பல்லாயிரம் கணினிகளையும் ஐபாட்களையும் பொதிசெய்து வீடுகளுக்கு அனுப்பியதையும் மறக்கக்கூடாது.

பசியோடு வரும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்? பல பாடசாலைகளில் காலையில் வகுப்பு வாசலுக்கு ஒரு பெட்டி வரும். அதில் நறுக்கிய தோடம்பழம், சீஸ், பேகல் இருக்கும். பெற்றோரும் ஊழியர்களும் தொண்டர்களாக நின்று தயார்படுத்தியவை அவை. எல்லோருக்கும் கொடுப்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. ஆனால் நாடு தழுவிய பாடசாலை உணவுத் திட்டம் ஜி7 நாடுகளில் கனடாவில் மட்டுமே இல்லாமல் இருந்தது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில்தான் ஐந்து வருடங்களுக்கு ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது 1920இல். காமராசர் அதை 1956இல் மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இந்த விடயத்தில் கனடா தமிழ்நாட்டிடம் கற்கவேண்டியது நிறைய இருக்கிறது.

கல்விச் சபைத் தேர்தல் சின்னத் தேர்தல் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அரசியல்வாதிகள் பலர் நடை பழகிய இடம் அது. நீதன் சாண் 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். பிறகு ரொறன்ரோ சபைக்கு வந்து அதன் தலைவரும் ஆனார். 2014இல் ரொறன்ரோ சபைக்குத் தெரிவான பார்த்தி கந்தவேள் 2023இல் நகரசபைக்குப் போனார். யோர்க் பிராந்தியச் சபையில் 2010 முதல் இருந்த யுவனிற்றா நாதன் 2025இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அதே 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபைக்கு மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்தது. நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். மக்கள் தெரிவு செய்த 22 பேரின் முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கைக்குப் போனது. கணக்கு வழக்கு நேராக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு குறை என்றால் பெற்றோர் தொலைபேசி எடுத்துக் கேட்கக்கூடிய ஆளிடம் அதிகாரம் இருக்கவேண்டும்.

ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ 2014இல் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் 2016இல் ஒருமனதாக ஏற்றது. அந்த மாதத்தில் பாடசாலை மண்டபத்தில் பொங்கல் வைத்துக் கோலம் போடுவது நல்லதுதான். மற்றப் பதினொரு மாதமும் பிள்ளை தமிழ் படிக்க வழி செய்வது அதைவிட நல்லது. உங்கள் பிள்ளை பாலர் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் இடையில் படிக்கிறதா? பாடசாலை அலுவலகத்தில் சர்வதேச மொழிகள் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். அருகில் தமிழ் வகுப்பு இல்லையா? உங்கள் மாடிக் கட்டடத்திலும் தெருவிலும் உள்ள பெற்றோரிடம் பேசி, பெயர்களைச் சேர்த்து, கையெழுத்து வாங்கி, சபையிடம் கொடுங்கள். 23 பிள்ளைகள் போதும்.