எண்ணைத் தடுத்த பிறகும் குரல் அஞ்சல் வருவது ஏன்?

மாணவர்களே, வீட்டில் யாருக்குக் கைப்பேசியில் சிக்கல் என்றாலும் அது உங்கள் கைக்குத்தானே வருகிறது? "தம்பி, இந்த நம்பர் ஓயாமல் அடிக்கிறது, என்னான்னு பாரேன்" என்று பாட்டி நீட்டுகிறார். நீங்கள் அந்த எண்ணைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். மணி ஒலிப்பது நின்றுவிடுகிறது. ஆனால், மறுநாள் ஒரு குறுஞ்செய்தி: 'உங்களுக்குக் குரல் அஞ்சல் வந்துள்ளது.' திறந்து கேட்டால், பாட்டியின் பெயரில் வந்த பொட்டலம் சுங்கத்துறையில் சிக்கியிருக்கிறது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு பதிவுக் குரல் மிரட்டுகிறது.

தடுத்த எண் எப்படி உள்ளே வந்தது? கைப்பேசி பழுதா? இல்லை. கைப்பேசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. குரல் அஞ்சல் கைப்பேசியில் இல்லை என்பதுதான் விஷயம்.

காவலாளியும் தபால் பெட்டியும்

நம் தோட்டங்கள் பலவற்றில் நுழைவாயிலில் காவலாளி இருப்பார். தபால் பெட்டிகளோ வெளியே, சாலையோரத்தில் வரிசையாக நிற்கும். "இந்த ஆளை உள்ளே விடாதீர்கள்" என்று காவலாளியிடம் சொல்லி வைக்கலாம். அவரும் விடமாட்டார். ஆனால், அந்த ஆள் பெட்டியில் ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவதை அவர் எப்படித் தடுப்பார்? பெட்டிதான் அவர் பார்வைக்கு வெளியே இருக்கிறதே!

தடுப்புப் பட்டியல் என்பது அந்தக் காவலாளி. அது உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது. குரல் அஞ்சல் என்பது தபால் பெட்டி. அது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. ஐபோனைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, தடுக்கப்பட்டவர் குரல் அஞ்சல் விட முடியும், உங்களுக்கு அறிவிப்பு மட்டும் வராது என்று தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஆகவே, பெட்டியை மூட வேண்டுமானால் நிறுவனத்தின் கணினியிடம்தான் சொல்ல வேண்டும்.

அழைப்பு திரும்பும் மூன்று வழிகள்

உங்களை ஒருவர் அழைக்கும்போது, அழைப்பு முதலில் நிறுவனத்தின் இணைப்பகத்துக்குப் போகிறது. அங்கே உங்கள் எண்ணுக்கு ஒரு பதிவு உண்டு. 'இவரைப் பிடிக்க முடியாவிட்டால் அழைப்பை எங்கே அனுப்புவது?' என்ற கட்டளை அதில் எழுதப்பட்டிருக்கும். ஜி.எஸ்.எம். தர விதிகளில் இதற்கு மூன்று நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

67: கைப்பேசி 'வேலையாக' இருக்கிறது. நீங்கள் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கலாம், அல்லது அழைப்பை மறுத்திருக்கலாம்.

61: மணி ஒலித்தும் யாரும் எடுக்கவில்லை. 5 முதல் 30 விநாடி வரை காத்திருந்துவிட்டு அழைப்பு திருப்பிவிடப்படும்.

62: கைப்பேசி எட்டவே இல்லை. அணைந்திருக்கலாம், அல்லது அலை எட்டாத இடத்தில் இருக்கலாம்.

இப்போது பாட்டியின் சிக்கலைப் பாருங்கள். தடுக்கப்பட்ட எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், கைப்பேசி மணி ஒலிக்காமலே அதை மறுக்கிறது. இணைப்பகம் இதைப் பெரும்பாலும் 67 என்றே எடுத்துக்கொள்கிறது. '67 என்றால் குரல் அஞ்சலுக்கு அனுப்பு' என்று பதிவில் இருப்பதால், அழைப்பு நேராகப் பெட்டிக்குப் போகிறது. நாம் தடுத்ததே அழைப்பைக் குரல் அஞ்சலுக்குத் தள்ளிவிடுகிறது!

ஐபோனில் 'அறியாத அழைப்பாளர்களின் ஒலியை அடக்கு' என்றொரு வசதி 2019 முதல் இருக்கிறது. அதுவும் இப்படித்தான். மணியை அடக்கிவிட்டு அழைப்பைக் குரல் அஞ்சலுக்கு அனுப்புகிறது. பெட்டி திறந்திருக்கும்வரை தொல்லை இடம் மாறுகிறதே தவிர, ஒழிவதில்லை.

தோட்டத்தில் 'லைன் இல்லை' என்றால்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் 62 என்ற நிலைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. படிவம் 4 இயற்பியலில் 'அலைகள்' பாடம் படிப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 33 சென்டிமீட்டர். 2,600 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 11.5 சென்டிமீட்டர். நீண்ட அலை தடையின் விளிம்பில் ஓரளவு வளைந்து மறுபுறம் போகும். குட்டை அலை அவ்வளவு வளைவதில்லை. குன்றுக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல, அங்கே அலையும் எட்டாத ஒரு பகுதி உருவாகிறது. சிரம்பானிலிருந்து கோலப் பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மேடு பள்ளங்களில் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே மண்ணே சுவராக நிற்கிறது.

மரங்களும் சும்மா இருப்பதில்லை. செம்பனை ஓலையில் நிறைய நீர் உண்டு. நீர் இந்த அலைகளின் ஆற்றலை உறிஞ்சும். ஓலைகள் அலையைச் சிதறடிக்கும். வரிசை வரிசையாக மரங்களைத் தாண்டி வரும்போது அலை மெலிந்துவிடுகிறது. மழைக்குப் பிறகு ஈர ஓலைகளுக்கிடையே இன்னும் மெலிகிறது.

இதனால், காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் அம்மாவின் கைப்பேசி பல மணி நேரம் 'எட்டாத' நிலையில் இருக்கலாம். அந்த நேரத்தில் வரும் எல்லா அழைப்புகளும் குரல் அஞ்சலுக்குத் திரும்பும். நகரத்தில் இருப்பவர் மணி கேட்டு அழைப்பைத் துண்டிக்கவாவது முடியும். இங்கே மணியே கேட்காது.

அழைப்பவர் மனிதரா, இயந்திரமா?

தொல்லை அழைப்புகளில் பலவற்றை மனிதர் செய்வதில்லை. கணினி ஒன்று ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாக அழைக்கிறது. மறுமுனையில் இருப்பது ஆளா, குரல் அஞ்சலா என்று அது கண்டுபிடிக்கும் விதம் சுவையானது. மனிதர் "ஹலோ" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார். குரல் அஞ்சலோ பல விநாடி நீளமான அறிவிப்பைச் சொல்லி, இறுதியில் 'பீப்' ஒலி எழுப்பும். பேச்சின் நீளத்தையும் இடைவெளியையும் அளந்து, கணினி முடிவு செய்கிறது. குரல் அஞ்சல் என்று தெரிந்தால், 'பீப்' ஒலிக்குப் பிறகு பதிவுக் குரலை ஓடவிடுகிறது. பாட்டிக்கு வந்த மிரட்டல் இப்படித்தான் வந்திருக்கும்.

பெட்டிக்குப் பூட்டு உண்டா?

இதுவரை சொன்னது தொல்லை மட்டுமே. இனிச் சொல்வது ஆபத்து.

குரல் அஞ்சலை வேறொரு தொலைபேசியிலிருந்தும் கேட்க முடியும். அதற்கு ஒரு கடவு எண் வேண்டும். பல நிறுவனங்கள் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரே கடவு எண்ணைக் கொடுத்து வந்தன. பயனீட்டாளர் அதை மாற்றாவிட்டால், தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்பது போலத்தான்.

பிரிட்டனில் இதை ஒரு செய்தித்தாளே பயன்படுத்திக்கொண்டது. 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற வார இதழுக்காக வேலை செய்தவர்கள், அரண்மனை ஊழியர்கள் முதலான பலரின் குரல் அஞ்சல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்டார்கள். 2007-இல் அதன் செய்தியாளர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர் ஒருவரும் சிறை சென்றார்கள். 168 ஆண்டுகள் வெளிவந்த அந்த இதழ் 2011 ஜூலையில் மூடப்பட்டது.

இன்றைய திருடர்களுக்கு வேண்டியது அரண்மனைச் செய்தி அல்ல, உங்கள் வாட்ஸ்அப் கணக்கு. புதிய கைப்பேசியில் வாட்ஸ்அப் தொடங்கும்போது 6 இலக்க உறுதி எண் ஒன்று வரும். அதைக் குறுஞ்செய்தியாகவும் பெறலாம், அழைப்பாகவும் பெறலாம். நீங்கள் தூங்கும் நேரத்தில் அல்லது அலை எட்டாத இடத்தில் இருக்கும் நேரத்தில், அந்த எண்ணைச் சொல்லும் அழைப்பு வந்தால் என்ன ஆகும்? யாரும் எடுக்காததால் அது குரல் அஞ்சலில் பதிவாகிவிடும். பெட்டியின் கடவு எண் மாற்றப்படாமல் இருந்தால், திருடன் அதைக் கேட்டுக் கணக்கைக் கைப்பற்றிவிடுவான். 2018 அக்டோபரில் இஸ்ரேலின் இணையப் பாதுகாப்பு அமைப்பு இந்த முறையைப் பற்றி மக்களை எச்சரித்தது. கைப்பற்றிய கணக்கிலிருந்து, "அவசரம், 500 ரிங்கிட் அனுப்பு" என்று உறவினர்களுக்குச் செய்தி போகும். பாட்டியே கேட்பதாக நினைத்து அவர்களும் அனுப்பிவிடுவார்கள்.

செய்து பாருங்கள்

பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் இதைச் செய்யுங்கள். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

1. எண் பலகையில் *#62# என்று அழுத்தி, அழைப்புப் பொத்தானைத் தட்டுங்கள். அழைப்பு எங்கே திருப்பிவிடப்படுகிறது என்று திரையில் தெரியும். *#61#, *#67# ஆகியவற்றையும் பாருங்கள். திரையில் ஓர் எண் தெரிந்தால் தாளில் குறித்து வையுங்கள்.

2. அது குரல் அஞ்சல் எண்தான் என்று நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டு, ##004# அழுத்துங்கள். மூன்று நிலைகளுக்குமான திருப்பங்கள் ஒரே நேரத்தில் நீங்கும். * என்றால் கேள் அல்லது இயக்கு, ## என்றால் அழி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

3. மீண்டும் *#62# அழுத்திச் சோதியுங்கள். முன்பு தெரிந்த எண் இப்போது இருக்கக்கூடாது. திரையில் பிழைச் செய்தி வந்தால், அல்லது சில நாளில் பழைய நிலைக்கே திரும்பினால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, குரல் அஞ்சலை முழுமையாக நிறுத்தச் சொல்லுங்கள்.

4. குரல் அஞ்சல் தேவைப்படுவோரும் உண்டு. வேலைக்காட்டில் இருக்கும்போது பள்ளியிலிருந்து வரும் செய்தி தவறக்கூடாது என்று அம்மா நினைக்கலாம். அப்படியானால் ##67# மட்டும் அழுத்தலாம். தடுக்கப்பட்ட எண்கள் பெட்டிக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் நிற்கும். அலை எட்டாத நேரத்திலும் மணி ஒலித்தும் யாரும் எடுக்காத நேரத்திலும் மட்டும் பெட்டி திறந்திருக்கும். அந்த நேரத்தில் தொல்லைக்காரரும் செய்தி விடலாம். அதனால் கடவு எண்ணைக் கட்டாயம் மாற்ற வேண்டும். 4 இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. ஆனால் பிறந்த ஆண்டை வைத்தால், திருடன் ஊகிக்க வேண்டியது நூற்றுக்கும் குறைவு.

5. வாட்ஸ்அப் அமைப்புகளில் 'கணக்கு' என்ற பகுதிக்குப் போய், இரு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன்பின் உறுதி எண் மட்டும் கிடைத்தால் திருடனுக்குப் போதாது.

ஓர் எச்சரிக்கை

இதே குறியீடுகளை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். "உங்கள் சிம் முடங்கப்போகிறது, இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று யாராவது அழைத்து, *21* அல்லது **21* என்று தொடங்கும் குறியீட்டைச் சொன்னால் அழுத்தவே கூடாது. 21 என்றால் எல்லா அழைப்புகளையும் நிபந்தனையின்றித் திருப்பிவிடு என்று பொருள். அதில் வரும் எண் அவர்களுடையது. அழுத்திய பிறகு உங்கள் உறுதி எண்கள் அவர்கள் காதுக்குப் போகும். இத்தகைய மோசடிகள் பெருகியதால், குறியீட்டின்வழி அழைப்பைத் திருப்பிவிடும் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்துமாறு இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் கைப்பேசியில் சந்தேகம் இருந்தால் *#21# அழுத்திப் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் ##21# அழுத்தி அழியுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் 997. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை அதில் சேர்ந்து செயல்படுகின்றன. பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்கு முன் முடக்க வேண்டும் என்பதால், எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இந்த வாரம் வீட்டிலுள்ள கைப்பேசிகளைச் சோதித்து முடித்ததும், பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியின் கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு குறியீடும் என்ன செய்கிறது என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள். அப்போதுதான் நாளை வேறொருவர் அழைத்து ஒரு குறியீட்டைச் சொன்னால், அதை அழுத்துவதற்கு முன் அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.