ஒரு விசிறியடி, 132 ஆண்டு ஆட்சி: ‘பீக்’ என்ற சொல் தெரியுமா?

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனது என்பதற்காக முகூர்த்தத்துக்கே வராமல் இருந்துவிடும் சித்தப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோஷத்துக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு குட்டிச் சொல் இருக்கிறது, தெரியுமா? பீக்!

பெருங்கோபத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. துரோகம், இழப்பு என்று பெரிதாக ஏதாவது நடந்திருந்தால் அங்கே இதற்கு வேலையே இல்லை. ‘என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையே’ என்று மனசில் சுருக்கென்று படுகிறதே, அதுதான் பீக். அந்த வேகத்தில் ராஜினாமா கடிதத்தை வீசிவிட்டு வந்தால், ‘இன் எ ஃபிட் ஆஃப் பீக்’ செய்தார் என்பார்கள். பிரெஞ்சில் குத்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது இது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்த ரோஷம் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றிய கதை தெரியுமா? 1827 ஏப்ரல், இன்றைய அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ். 1790களில் பிரெஞ்சுப் படைக்குப் போன கோதுமைக்கு இன்னும் காசு வந்து சேரவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஆட்சியாளர் உசேன், பிரெஞ்சுத் தூதர் பியேர் தெவாலிடம் காரணம் கேட்டார். வந்த பதில் அவரைச் சுட்டது. கையிலிருந்த ஈயோட்டும் விசிறியால் தூதரை அடித்தேவிட்டார்!

இப்போது ரோஷம் பிரான்சின் பக்கம் தாவியது. மூன்று ஆண்டுகள் கடல் முற்றுகை. 1830 ஜூனில் படை கரையிறங்கியது. ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் பணிந்தது. உள்நாட்டில் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்த மன்னர் பத்தாம் சார்லஸுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது, விசிறியடி நல்ல சாக்காக அமைந்தது என்பதே உண்மை. ஆனால் அடுத்த மாதமே, ஆகஸ்ட் 2 அன்று, அவரும் முடி துறந்தார்! அல்ஜீரியா விடுதலை பெற்றதோ 1962 ஜூலை 5 அன்று. சரியாக 132 ஆண்டுகள்!

இந்தச் சொல்லின் சொந்தபந்தங்கள் இன்னும் வியப்பு. நாக்கில் சுள்ளென்று இறங்கும் சுவையைச் சொல்லும் ‘பிக்கன்ட்’ இதன் உறவு. முதலை படம் போட்ட டி-ஷர்ட்டை 1933இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் எடுத்துக்கொண்ட மேடுபள்ளத் துணி ‘பிக்கே’, அதுவும் உறவுதான். மறியலுக்கு ஆங்கிலத்தில் ‘பிக்கெட்டிங்’ என்கிறோமே, அதன் வேரில் இருப்பது தரையில் அடிக்கும் கூர்மையான முளை. ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடைகளின் முன் நின்று நடத்திய போராட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே ‘குத்து’ இருக்கிறது!

இன்னொன்று: இதே பீக் வினைச்சொல்லானால் ஆர்வத்தைத் தூண்டவும் செய்யும். ரோஷமும் ஆவலும் ஒரே சொல்லில்! இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மலை உச்சியும் பீக், எட்டிப் பார்ப்பதும் பீக். உச்சரிப்பு ஒன்றே, எழுத்து வேறு. மூன்றும் அகராதியில் இருப்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அடுத்த முறை ‘என் ஆர்வத்தைத் தூண்டியது’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் ‘க்யூ’ எழுத்து இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள்!