அதிகாலையின் பரகத்தும் உடல் எனும் அமானிதமும்

 

  

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில், சுப்ஹுத் தொழுகைக்கு வராத இளைஞர்களைச் சற்றுக் கடுமையாகவே கண்டித்துப் பேசினேன். அடுத்த வாரம் ஒரு தாயார் பள்ளிவாசல் வாயிலில் காத்திருந்தார். அவருடைய மகன் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து, நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வீடு திரும்புபவர். என் பேச்சைக் கேட்டபின், ‘படுத்தால் எழ முடியாது’ என்று பயந்து, சுப்ஹு வரை விழித்திருந்து தொழுதிருக்கிறார். ஷிஃப்ட் மாறிய நாளில், தூங்காமலே தொழுதுவிட்டு இருசக்கர வண்டியில் முதல் ஷிஃப்டுக்குப் புறப்பட்டவர், வழியில் கண்ணயர்ந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக் கொண்டார்.

அந்தத் தாயார் என்னைக் குறை கூறவில்லை. “ஹஜ்ரத்! எப்போது எழ வேண்டும் என்று சொன்னீர்கள். என் பிள்ளை எப்போது தூங்குவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்” என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கிறேன்.

ஆயுளும் முயற்சியும்

ஆயுள் அல்லாஹ்வின் விதிப்படி அமைந்தது. பிறகு ஆரோக்கியத்திற்காக நாம் ஏன் பாடுபட வேண்டும் என்று சிலர் கேட்பர். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது உமர் (ரலி) அவர்கள் அங்கே நுழையாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள் (புகாரீ). நோயும் விதி, அதைத் தடுக்கும் முயற்சியும் விதியே.

நீண்ட ஆயுளும் நல்ல அமலும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவரே மனிதர்களில் சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து (திர்மிதீ). உடலை எதில் தேய்த்தாய் என்பதும் மறுமையில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று. ஆகவே உடல் நம் சொத்தன்று, அமானிதம்.

அந்த அமானிதம் இன்று எந்நிலையில் இருக்கிறது? 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நம் மஹல்லாவிலும் இன்சுலின் ஊசி இல்லாத வீட்டை எண்ணிவிடலாம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இரவை ஆடையாகவும், உறக்கத்தை இளைப்பாறுதலாகவும், பகலைப் பிழைப்புக்குரிய நேரமாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் நினைவூட்டுகிறான் (78:9-11). இந்த ஒழுங்கு வெளியுலகில் மட்டுமன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் எழுதப்பட்டிருக்கிறது. அது இயங்கும் முறையைக் கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதி இக்கடிகாரத்தின் தலைமையிடம். கண் வழியே வரும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. விடியும் வேளையில் கார்ட்டிசால் உயர்ந்து உடலை எழுப்புகிறது. காலை வெயில் கண்ணில் பட்டால் கடிகாரம் சரியாகிறது. நள்ளிரவில் கைப்பேசியின் ஒளி பட்டால் அது பின்தங்கிவிடுகிறது.

நம் ஊர் இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றது. லண்டனில் கோடையில் ஐந்து மணிக்கு முன்பே உதிக்கும் சூரியன், குளிர்காலத்தில் எட்டு மணிக்குத்தான் எழுகிறது. சென்னை வட்டாரத்திலோ மே இறுதியில் ஏறத்தாழ 5.42-க்கும், ஜனவரி நடுவில் 6.35-க்கும் உதிக்கிறது. ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரே ஒழுங்கை ஆண்டெல்லாம் கடைப்பிடிப்பது நமக்கு எளிது.

காலை முந்தைய இரவில் தொடங்குகிறது

நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் வெறுத்தார்கள் (புகாரீ). சுப்ஹுக்கு எழுவதன் இரகசியம் அலாரத்தில் இல்லை. இஷாவுக்குப் பிந்தைய நேரத்தில் இருக்கிறது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் அறிவுரை. பகல் வேலை செய்பவர் பத்து மணிக்குள் படுத்தால்தான் அது கிட்டும்.

காலை ஒழுங்கை இவ்வாறு அமைத்துக் கொள்ளலாம்:

எழுந்ததும் அல்லாஹ்வை நினைத்தல், உளூச் செய்தல், தொழுதல் ஆகிய மூன்றால் ஷைத்தான் பிடரியில் போட்ட மூன்று முடிச்சுகளும் அவிழ்ந்து, மனிதன் உற்சாகத்தோடு காலைப் பொழுதை அடைகிறான் என்பது நபிமொழி தரும் செய்தி (புகாரீ). கைப்பேசியைத் தொடுவது இம்மூன்றுக்கும் பிறகே இருக்கட்டும்.

சுப்ஹுக்குப் பின் நபியவர்கள் சூரியன் உதிக்கும் வரை தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பார்கள். தோழர்கள் பழங்கதைகளைப் பேசிச் சிரிக்க, அவர்கள் புன்னகைப்பார்கள் (முஸ்லிம்). திக்ரும் உண்டு, தோழமையும் உண்டு. தனிமை உள்ளத்தை மட்டுமன்றி உடலையும் அரிக்கும் என்று இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

அதன்பின் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே அது நிறைவேறிவிடும். கனரக லாரிகள் ஓடும் வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் வேண்டாம். ஏரிக்கரையிலோ தெருவுக்குள்ளோ நடங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து நடப்பது இன்னும் சிறப்பு.

நாஷ்டாவில் அளவு தேவை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற நபிவழி (திர்மிதீ) நமக்குப் போதும். கேழ்வரகுக் கூழ், இட்லி, சுண்டல், முட்டை போன்றவற்றை வழக்கமாக்குங்கள்; பரோட்டாவும் இனிப்புத் தேநீரும் நாள்தோறும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது.

இரவிலும் உழைப்பவர்களுக்கு

இதெல்லாம் பகல் வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும். நம் பகுதியின் நிலை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை வந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விவசாயக் கிராமங்களாக இருந்த இடங்களில் இன்று இரவெல்லாம் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ரிஸ்க் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்! அதற்கு விலையும் உண்டு. இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் சேர்த்து, 2019-இல் அதை உறுதி செய்தது. நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம்.

இவர்களுக்கு மார்க்கத்தில் இடமில்லையா? உண்டு. இரவிலும் பகலிலும் நீங்கள் உறங்குவதும், அவனது அருளைத் தேடுவதும் தன் அத்தாட்சிகளில் உள்ளவை என அல்லாஹ் கூறுகிறான் (30:23). பகல் உறக்கமும் அங்கே இடம்பெற்றிருப்பதைச் சிந்தியுங்கள். ஸஃப்வான் (ரலி) அவர்கள், தம் குடும்பத்தார் சூரியன் உதிக்கும் வரை எழ இயலாதவர்கள் என்று முறையிட்டபோது, விழித்ததும் தொழுமாறு நபியவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). அக்குடும்பத்தார் இரவெல்லாம் நீர் இறைப்பவர்கள் என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியுள்ளனர். அதாவது அவர்கள் அன்றைய ‘நைட் ஷிஃப்ட்’ தொழிலாளர்கள்! இது சோம்பேறிக்குச் சலுகையன்று. எழுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்தும் இயலாமல் போனவருக்கான ஆறுதல்.

முதல் ஷிஃப்ட் செல்பவர்களே! சூரியோதயத்திற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்புதான் சுப்ஹு நேரம் தொடங்குகிறது. மே மாதத்தில் தொழுதுவிட்டே பஸ் ஏறலாம். ஜனவரியில் பஸ் புறப்படும்போது நேரமே வந்திருக்காது. ஆலையை அடைந்து, வேலை தொடங்குமுன் தொழுங்கள். இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள்.

இரண்டாம் ஷிஃப்ட் செல்பவர்களே! இரவு உணவை ஆலையிலேயே எட்டு மணியளவில் முடித்துக் கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு உடனே படுங்கள். எழுப்பும் பொறுப்பை வீட்டார் ஏற்கட்டும். சுப்ஹுத் தொழுதபின் மீண்டும் படுத்து, குறைந்த உறக்கத்தை நிறைவு செய்யுங்கள். அதில் குற்றமில்லை.

இரவு ஷிஃப்ட் செல்பவர்களே! வேலை முடியுமுன்பே சுப்ஹு நேரம் கடந்துவிடலாம். ஆகவே இடைவேளையில் தொழுதுவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் வயிறு நிறைய உண்ணாதீர்கள். பின்னிரவில் தேநீரை நிறுத்துங்கள். வீடு வந்ததும் திரை போட்டு இருட்டாக்கிய அறையில் உறங்கி, லுஹருக்கு எழுங்கள். வேலைக்குச் செல்லுமுன் சிறிது கண்ணயர்ந்து கொள்ளுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது வண்டியைத் தொடாதீர்கள். உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:195).

வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும்

பகலில் உறங்கும் மகனுக்காக வீடு அமைதி காப்பது ஸதகாவாகும். இரவு வேலை முடித்து வந்த மகளை உடனே சமையலறைக்கு அனுப்பாதீர்கள். அவளுக்கும் உறக்கம் ஹக்கு. உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்ற நபிமொழி ஆணுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

கூடுதல் பணத்திற்காக ஓவர்டைம் செய்பவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அரசு அறிவித்தது. சட்டம் திணிக்காத சுமையை நாமே நம் தோளில் ஏற்றிக் கொள்ளலாமா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீடு தேடி வருகிறது. முப்பது வயது கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பின் இதற்கு ஏற்பாடு செய்யலாம்.

என் போன்ற இமாம்களுக்கும் ஒரு பாடம் உண்டு. சுப்ஹுக்கு வராதவரைக் கண்டிக்குமுன், அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்போம். அந்த இளைஞர் எலும்பு கூடி எழுந்தபின் அவரைத் தேடிச் சென்று, ஸஃப்வான் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன். இப்போது இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் அவருடைய தாயார்தான் அவரை எழுப்புகிறார். தொழுதுவிட்டு மீண்டும் உறங்கச் செல்கிறார். ஜமாஅத்தில் அவரைக் காணும்போதெல்லாம் அல்லாஹ்வுக்கு நன்றி கூறுகிறேன்.

தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரகத் அருளுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் தம் வணிகச் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருகக் கண்டார்கள் (அபூதாவூத், திர்மிதீ). வல்ல அல்லாஹ் அந்த பரகத்தை நமக்கும், நம் பகுதியில் இரவு பகலாக உழைக்கும் எல்லா மக்களுக்கும் வழங்குவானாக! நல்லமல்களுடன் கூடிய நீண்ட ஆயுளையும் பூரண ஆஃபியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.