மாசமாக இருக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால்

திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டையிலோ பக்கத்து ஆத்தூரிலோ கர்ப்பிணி ஒருவர் செக்கப்புக்குப் போனால் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று பார்ப்பார்கள். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதை அங்கே சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. சொன்னாலும், "மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது, பிள்ளை பிறக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரான், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள் பல மடங்கு கூடுகின்றன. ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. முன்பு தொல்லை தராத பல் அழுக்குக்குக்கூட ஈறு சிவந்து வீங்குகிறது. இரண்டாம் மாதம் தொடங்கும் இது எட்டாம் மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும். பற்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு சதைக் கட்டி வந்தாலும் பதற வேண்டாம், அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் அழுக்கை அகற்றாமல் விட்டால் வீக்கம் எலும்பு வரை இறங்கிப் பல்லையே ஆட்டிவிடலாம்.

பிள்ளையைப் பாதிக்குமா? 1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்டீவன் ஆஃபன்பாக்கர் குழு 124 பெண்களை ஆராய்ந்து, முற்றிய ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தைக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஈறிலுள்ள கிருமிகளும் அவை கிளப்பும் அழற்சியும் ரத்தம் வழியே கருப்பையை எட்டலாம் என்பது விளக்கம். ஆனால் 2006இல் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை பெற்றவர்களில் 12.0 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 12.8 சதவீதத்தினருக்கும் குறைமாதப் பிரசவம் ஆனது. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே பல்லைச் சுத்தம் செய்தால் குறைமாதப் பிரசவம் நிற்கும் என்று யாரும் வாக்குறுதி தரக் கூடாது. அதே ஆய்வு காட்டிய இன்னொன்றுதான் நம் வீடுகளுக்கு முக்கியம்: சிகிச்சையால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் வரவில்லை. ஈறும் தேறியது.

ஆனால் புகையிலை கெடுதல் என்பதில் இப்படிச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அளவுக்கு மெல்லும் புகையிலை விளையும் மாவட்டம் இது. வெற்றிலையோடு அதைப் போடும் பழக்கம் ஈறையும் கெடுக்கும், பிள்ளையின் எடையையும் குறைக்கும்.

மசக்கை வாந்தி வந்தவுடன் பல் விளக்காதீர்கள். வயிற்று அமிலம் பட்ட பல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள். பல் டாக்டரிடம் போனதும் கர்ப்பமாக இருப்பதை முதலில் சொல்லுங்கள். நான்கு முதல் ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த செக்கப்பில் நர்ஸம்மாவிடம் ஈறையும் காட்டுங்கள்.