செடி வாங்குமுன் இடத்தைப் பாருங்கள்

இரவுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜாச்செடி பத்தே நாளில் காய்ந்து குச்சியாகி விட்டது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த பூச்செடி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "எனக்குக் கைராசி இல்லை, நான் வைத்தால் எதுவும் தழைப்பதில்லை" என்று சலித்துக்கொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே எத்தனையோ பேர்.

தாய்மார்களே, கைராசியைக் குறை சொல்லாதீர்கள். ஒரு செடி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அதை வாங்கும் நாளிலேயே முடிவாகி விடுகிறது. பூவின் அழகைப் பார்த்து வாங்குகிறோம். செடி நிற்கப்போகும் இடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்குமுன் போகிற வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம் அல்லவா? செடிக்கும் அந்த விசாரணை வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் செடி வளர்ப்பு ஒன்றும் புதிதல்ல. செம்பனை நர்சரியில் பாலிபேக்குகளில் மண் நிரப்பிய கைகள் நம்முடையவை. ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர்களும், பட்டையின் ஆழம் அறிந்து கத்தி வைத்தவர்களும் நம் பெற்றோர்தாம். வேலைக்காட்டில் கற்றதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் போதும்.

வெயிலை அளந்து பாருங்கள்

வேலை இல்லாத ஒரு நாளில், செடி வைக்க நினைத்திருக்கும் இடத்தைக் காலை 8 மணிக்கும், பகல் 12 மணிக்கும், மாலை 4 மணிக்கும் போய்ப் பாருங்கள். அங்கே நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரம் வெயில் விழும் இடமா? செம்பருத்தி, மல்லிகை, இட்லிப்பூ, காகிதப்பூ, ரோஜா, துளசி, கறிவேப்பிலை ஆகிய எல்லாவற்றுக்கும் அது ஏற்ற இடம். பாதி நாள் வெயில்தான் என்றால் நந்தியாவட்டை, கற்பூரவல்லி, பாண்டான் ஆகியவற்றை வைக்கலாம். குரோட்டன் செடியும் அங்கே வளரும். ஆனால் வெயில் குறையக் குறைய அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கிப் பச்சையாகும். நேர் வெயிலே இல்லை, வெளிச்சம் மட்டும் உண்டு என்றால் மணிபிளாண்ட் கொடி, பாம்புச்செடி, ரப்பர் செடி ஆகியவை தாக்குப்பிடிக்கும்.

ரப்பர் செடி என்றதும் நாம் பால் வெட்டிய மரம் என்று எண்ணிவிடாதீர்கள். பூக்கடைகளில் தொட்டியில் விற்கப்படும் அகன்ற, பளபளப்பான இலையுடைய செடி ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்துக்கே உரியது. நம் தோட்டங்களை உருவாக்கிய மரமோ பிரேசில் நாட்டுக்குரியது. அதன் கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலும் பால் வரும், உறவு அவ்வளவுதான்.

கேமரன் மலைச் செடிகள் ஏன் பிழைப்பதில்லை என்பதும் இதே கணக்குத்தான். அந்த மலையூர்கள் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே இரவு குளிரும். கிள்ளானிலும் சித்தியவானிலும் இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம் போன்றவற்றை மலையிலேயே கண்குளிரப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் ஊர் நர்சரியில் இரண்டு மல்லிகைச் செடி வாங்கலாம்.

லயத்து வாசலுக்கு ஏற்றவை

செம்பருத்தி: 1960ஆம் ஆண்டு நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ இது. வேலியாகவும் வளர்க்கலாம். புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால், கிளைகள் நீண்டு பூ குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுங்கள். சில வாரங்களில் செடி நெருக்கமாகத் துளிர்த்துப் பூக்கும்.

மல்லிகை: "இலையாகத் தழைக்கிறது, பூ இல்லை" என்பது பொதுவான குறை. காரணம் நிழல், அல்லது வெட்டாமல் விட்டது. ஒரு தடவை பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கழித்து விடுங்கள். பழுத்த இலைகளைக் கிள்ளி, வேரடியில் மக்கிய எரு வையுங்கள்.

இட்லிப்பூ: நம் நாட்டின் புளித்த செம்மண் இதற்கு மிகவும் பிடிக்கும். சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டால், சுவரின் சுண்ணாம்புச் சத்து மண்ணில் இறங்கி இலை மஞ்சளாகும். சுவரை விட்டு மூன்றடி தள்ளி நடுங்கள்.

காகிதப்பூ: செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும் செடி. நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், பூத்துக் குலுங்கும். முள் உள்ளதால் பிள்ளைகள் ஓடி விளையாடும் பாதையோரம் வேண்டாம்.

கறிவேப்பிலை: பழுத்துக் கறுத்த பழங்களின் சதையைக் கழுவி, விதையை உடனே ஊன்ற வேண்டும். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்கும் சக்தி போய்விடும். செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும்.

கடலோரத் தோட்டங்களில் மண் களிமண்ணாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அங்கே ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள்.

மாடி வீட்டுக்குத் தொட்டிச் செடி

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள், "மண்ணே இல்லாத இடத்தில் என்ன வைப்பது?" என்று கேட்கின்றன. நர்சரியை நினைத்துப் பாருங்கள். ஓராண்டுக் காலம் செம்பனைக் கன்று பையில்தானே வளர்கிறது? அங்கே கடைப்பிடிக்கும் மூன்று விதிகள் மாடி வீட்டுக்கும் பொருந்தும்.

முதலாவது, பாலிபேக்கில் ஓட்டைகள் இருக்கும். அதுபோல் தொட்டியின் அடியிலும் கட்டாயம் ஓட்டை வேண்டும். பழைய வாளியையோ மைலோ டின்னையோ பயன்படுத்தினால் ஆணியால் நாலைந்து துளை போடுங்கள்.

இரண்டாவது, கன்று சிறிய பையில் தொடங்கிப் பிறகு பெரிய பைக்கு மாறுகிறது. சின்னஞ்சிறு செடியைப் பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். வேர் அடி ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும்போது தொட்டியை மாற்றுங்கள்.

மூன்றாவது, நிழலில் வளர்ந்த கன்றைச் சிறிது சிறிதாகத்தான் வெயிலுக்குப் பழக்குகிறார்கள். கடையில் வலைக்கூரையின் கீழ் இருந்த செடியை அன்றே உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும் படட்டும்.

தொட்டி மண்ணுக்குக் கணக்கு எளிது: மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. மாடி வீட்டில் பாரம் குறைய வேண்டுமானால் மணலுக்குப் பதில் எரித்த உமியைச் சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரின் மேல் பூத்தொட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒரு பள்ளி மாணவனின் உயிரைப் பறித்தது. மழைக்காற்றில் சரியும் தொட்டியும் அதே வேலையைச் செய்யும். தொட்டிகளைத் தரையிலேயே வையுங்கள்.

தண்ணீரும் கொசுவும்

வீட்டுச் செடிகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, அதிகத் தண்ணீரால். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். பாம்புச்செடிக்கு வாரம் ஒரு முறைகூட அதிகம்தான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணிபிளாண்ட் வைத்த போத்தல், வாசலில் கவிழ்க்காமல் கிடக்கும் காலி டின் ஆகியவை டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்கள். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், தட்டுகளைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது முக்கியம், தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் கொசுப்புழு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. அபராதத்தைவிடப் பிள்ளையின் காய்ச்சல் பெரிது அல்லவா?

உரமும் பூச்சியும்

காய்கறித் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவற்றை மண்ணோடு கலந்து மக்கவைத்தால் நல்ல எரு. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரைச் செடியில் ஊற்றாதீர்கள், எறும்பு வரும். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும்; இரண்டு மாதம் மக்கவிடுங்கள். கடை உரமானால் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டிக்குள், மாதம் ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும் போடுங்கள். செம்பனைக்குப் போடும் அளவு தொட்டிச் செடிக்கு ஆகாது.

செம்பருத்தித் தண்டில் வெள்ளை மாவு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. எறும்புகள்தாம் அதைப் பாதுகாத்து வளர்க்கின்றன. பழைய பல்துலக்கியால் தேய்த்து விட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் செய்தால் கட்டுப்படும்.

மருந்து டின்னும் நச்சுச் செடியும்

களைக்கொல்லி மருந்து வந்த டின்னையும் பிளாஸ்டிக் தோம்பையும் அறுத்துப் பூத்தொட்டி ஆக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் அது வேண்டாம். அதில் வளரும் கறிவேப்பிலை உங்கள் குழம்புக்குத்தானே வருகிறது? பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. பழைய டின் எங்காவது மூலையில் கிடந்தாலும் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

அரளிப்பூ சாமிக்கு உகந்தது. ஆனால் அரளிச் செடியின் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. தவழும் குழந்தை உள்ள வீட்டு வாசலில் இவை வேண்டாம். பூப் பறித்தால் கையைக் கழுவுங்கள். பச்சை இலையில் வெண்புள்ளி தெளித்தாற்போன்ற டீஃபன்பாக்கியா என்ற அழகுச்செடியை மென்றால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கும். மணிபிளாண்ட் இலையும் ஓரளவு அப்படித்தான். எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தச் செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடியும்.

வீடு மாறும்போது

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தைக் காலி செய்யும் நாளில் கட்டிலும் அலமாரியும் லாரியில் ஏறுகின்றன. பாட்டி காலத்துச் செம்பருத்தியும் அம்மா தண்ணீர் ஊற்றிய மல்லிகையும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மண்வாரி இயந்திரத்துக்கு அவை வெறும் புதர். அந்தச் செடிகளை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

செம்பருத்தியில் பென்சில் பருமனுள்ள, முற்றத் தொடங்கிய கிளையை ஆறு அங்குல நீளத்துக்கு, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, பாதியை ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒரு மாதம் அளவில் வேர் பிடிக்கும். ஒன்று தவறினாலும் மற்றொன்று தழைக்கும்; எனவே ஐந்தாறு குச்சிகள் வையுங்கள்.

மல்லிகையின் நீண்ட கிளையை வளைத்து, நடுப்பகுதியை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். இரண்டு மாதத்தில் வேர்விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டித் தொட்டிக்கு மாற்றலாம்.

முற்றிய ரோஜா, இட்லிப்பூ, காகிதப்பூ ஆகியவற்றுக்கு விண்பதியம் நல்லது. மலாய்க்காரர்கள் இதைத் 'தூத்' என்பார்கள். கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருப்பதையும் சுரண்டி விடுங்கள். சுரண்டாவிட்டால் பட்டை மீண்டும் கூடிவிடும். பால் வெட்டியவர்களுக்கு இது தெரியாததா? அந்த இடத்தில் ஈர மண்ணும் தேங்காய் நாரும் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரு முனையையும் கட்டுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.

கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து முளைத்து நிற்கும் சிறு கன்றுகளை வேரோடு தோண்டி எடுங்கள்.

இப்படிக் கொண்டுபோன செடி புது வீட்டில் பூக்கும்போது, அது எந்தத் தோட்டத்திலிருந்து, யார் வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கும் ஒரு குச்சி ஒடித்துக் கொடுங்கள். நாளை உங்கள் செடி பட்டுப் போனாலும் அவர்கள் வாசலிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.