தனிப்பயிற்சியும் தனிவழியும்

மாலை ஐந்து மணிக்கு மேல் வடலூர் நான்குமுனைச் சந்திப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் புத்தகப் பை சுமந்த பிள்ளைகளின் நடமாட்டம் மீண்டும் தொடங்கிவிடுகிறது. பள்ளி விட்டு வந்தவர்கள் டியூஷனுக்குப் புறப்படும் நேரம் அது. நெய்வேலி நிலக்கரி நிறுவன ஊழியரின் வீட்டிலும், முந்திரி உடைக்கும் தொழிலாளியின் வீட்டிலும் மாதச் செலவில் டியூஷன் கட்டணத்துக்கு ஓரிடம் உண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் நிலைமை இதுதான். பகலில் வகுப்பறையில் நடத்தப்பட்ட பாடம் மாலையில் இன்னொரு முறை நடத்தப்படுகிறது, கேள்வி பதில்கள் மனப்பாடம் செய்யப்படுகின்றன, சிறுதேர்வு வைக்கப்படுகிறது. பெரும்பாலான மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பயன் தரவே செய்கிறது.

சில பிள்ளைகளுக்கு மட்டும் எத்தனை ஆண்டு போனாலும் பயன் தருவதில்லை. அவர்கள் ஒரு டியூஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுகிறார்கள். வாயால் கேட்டால் கதை முழுவதையும் சொல்லும் சிறுவன், அதே கதையைப் படிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் நின்றுவிடுகிறான். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் சிறுமி, கரும்பலகையில் இருக்கும் கூட்டல் கணக்கைத் தன் நோட்டில் எழுதும்போது எண்களை இடம் மாற்றி எழுதுகிறாள். 'கவனமில்லை', 'சோம்பேறித்தனம்' என்று பள்ளி சொல்வதை வீடும் நம்பத் தொடங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதால் சிக்கலின் முழு அளவு ஒன்பதாம் வகுப்பில்தான் வெளிப்படுகிறது. அந்த நிலையில் பிள்ளைக்குப் படிப்பின் மீதும் தன் மீதும் இருந்த நம்பிக்கை ஏறத்தாழ தீர்ந்துபோயிருக்கும்.

கற்றல் குறைபாடு, மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம், கவனக்குறைவுடன் கூடிய மிகைச் செயல்பாடு ஆகியவை வெவ்வேறு நிலைகள். மூளை செய்திகளை வாங்கி, அடுக்கி, திரும்பத் தரும் முறையில் பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபடுவது இவற்றுக்குப் பொது. ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998-இல் தமது ஆய்வேட்டில் கையாண்ட 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து இந்த வேறுபாடுகளை மனித இயல்பின் வகைகளாகப் பார்க்கச் சொல்லிற்று. சொல் புதிதாக இருந்தாலும் நிலை புதிதன்று. நல்ல அறிவும் பார்வையும் இருந்தும் படிக்க மட்டும் இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிங்கில் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

இந்தச் சிக்கல் தமிழில் எப்படித் தோன்றுகிறது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் குழப்பமானது, தமிழ் எழுதுவதுபோலவே ஒலிப்பது, ஆகவே தமிழில் இந்தத் தொல்லை இராது என்றொரு எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. தமிழில் 247 எழுத்துகள். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு இடப்புறம் நிற்கிறது. ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. 'கௌ' என்பதன் கடைசிப் பகுதி 'ள' போலவே இருக்கிறது. நெடிலுக்கான கால் 'ர'வை ஒத்திருக்கிறது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' என்ற மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ல, ள, ழ வேறுபாடு பலருடைய பேச்சில் இல்லை. எழுத்தில் மட்டும் உண்டு. இவற்றுக்கு மேல், வீட்டில் 'வந்துட்டேன்' என்று பேசும் குழந்தை புத்தகத்தில் 'வந்துவிட்டேன்' என்பதைப் படிக்க வேண்டியிருக்கிறது. மற்ற குழந்தைகள் இவற்றையெல்லாம் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லி, பழக்கி, மறுபடியும் பழக்க வேண்டும்.

தனிப்பயிற்சியின் பணி இங்குதான் தொடங்குகிறது. முதலில் காதுக்குப் பயிற்சி: 'பட்டம்' என்ற சொல்லைக் கைதட்டி அசையசையாகப் பிரிப்பது, முதல் ஒலியை மாற்றிப் புதுச்சொல் செய்வது. பிறகு ஒரே வடிவக் குடும்பத்தைச் சேர்ந்த எழுத்துகளைச் சிறு தொகுதியாக எடுத்து, பார்த்து, சொல்லி, விரலால் வரைந்து பழகுவது. ஒரு தொகுதி கைவந்த பிறகே அடுத்தது. நாள்தோறும் அரை மணி நேரம், முந்தைய நாள் பாடத்தின் மீள்பார்வையுடன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாயினும் தடுமாற்றம் முதல் வகுப்பு நிலையில் இருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வயதுக்கேற்ற கதைகளையும் அறிவியலையும் அதுவரை வாய்மொழியாகச் சொல்லிவர வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படிக்கத் தெரியாத காரணத்தால் பிள்ளையின் பொதுஅறிவும் பின்தங்கிப்போவது அதனால்தான்.

கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பயிற்றும் இம்முறைக்கு 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் இருவரும் முறையான வடிவம் தந்தனர். மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதுவது அதில் இன்றும் பயன்படும் ஓர் உத்தி. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதித்தான் கற்றார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் இடத்திலிருந்து மேலே போவான், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தருவான். அங்கிருந்த பிரம்படியையும் சாதி விலக்கையும் நினைத்தால் அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. ஆயினும் நாற்பது பேரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது அண்மைக்கால வழக்கம் என்பது தெரிகிறது.

மற்ற நிலைகளுக்குத் தேவைப்படும் வழி வேறு. கவனக்குறைவுள்ள பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிப்பதைவிட வேலையைப் பிரித்துக் கொடுப்பது முக்கியம்: பத்துக் கணக்குகளை ஒரே தாளில் கொடுக்காமல் இரண்டிரண்டாகத் தருவது, இடையில் எழுந்து நடக்க விடுவது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய ஒழுங்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அடுத்து என்ன வரும் என்பதைப் படங்களால் காட்டும் அட்டவணை பாதிப் பதற்றத்தைப் போக்கிவிடும். பேச்சு வராத பிள்ளைகளுக்கெனச் சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. இவர்கள் மூவரையும் ஒரே 'சிறப்பு டியூஷனில்' ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைப்பது பழைய தவற்றையே புதுப் பலகையின் கீழ் செய்வதாகும்.

ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதன் பயனைப் பேசும்போது அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவது வழக்கம். தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களில் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் அத்தனை பெரிய பயனைக் காணவில்லை. அருகில் அமர்ந்து கற்பித்தாலே போதும் என்பதில்லை; என்ன கற்பிக்கப்படுகிறது, எந்த இடத்திலிருந்து தொடங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

இனி சட்டத்தைப் பார்க்கலாம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதை 21 வகைகளாக விரித்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுள் சேர்ந்தன. கவனக்குறைவுடன் கூடிய மிகைச் செயல்பாடு மட்டும் தனியே பெயர் குறிப்பிடப்படவில்லை என்பது ஒரு குறை. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. 40 விழுக்காடு என்ற வரம்பு அந்தப் பிரிவில் இல்லை. நடைமுறையிலோ சான்றிதழ் வந்த பிறகே எல்லாம் என்றாகிவிட்டது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயதுக்கு மேல்தான் வழங்கப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை உண்டு. சான்றளிப்பதற்கு அந்த வயது வரம்பு நியாயமானது. சிறு வயதில் வளர்ச்சியின் தாமதத்தையும் குறைபாட்டையும் பிரித்தறிவது கடினம். ஆனால் உதவி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதில் எழுத்துகளில் தடுமாறும் குழந்தைக்கு ஒலிப்பயிற்சி தருவதால், அவளுக்குக் குறைபாடு இல்லையென்று பின்னர் தெரியவந்தாலும் இழப்பு ஏதுமில்லை.

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867-ஆம் ஆண்டு மூட்டப்பட்ட அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. அங்கே பந்தியில் அமர்பவரிடம் பசிக்கான சான்று எதையும் கேட்பதில்லை. எளிய மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தவரும் அதே வள்ளலார்தான். படிக்க இயலாமல் தவிக்கும் பிள்ளையிடம் நாம் முதலில் சான்றிதழைக் கேட்கிறோம்.

உதவிக்கு ஆள் வேண்டாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும் அதில் சிறப்புப் பயிற்றுநர்களும் உள்ளனர். அவர்கள் பல்லாண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர்கள். பல பள்ளிகளுக்கிடையே பேருந்தில் அலைபவர்கள். தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்ததிலிருந்தே இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை ஊகிக்கலாம்.

இருப்பதைக் கொண்டும் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வொரு குழந்தையும் தன் படிநிலையிலிருந்து ஏறிச்செல்லும் செயல்வழிக் கற்றலைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் கொண்டுசென்ற அனுபவம் தமிழகத்துக்கு உண்டு. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்பில் உள்ளவர்களை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பிற பிள்ளைகள் முன்னேறிச் சென்ற பிறகும் அரும்பு நிலையிலேயே நிற்பவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். முதற்கட்டக் கண்டறிதலுக்கு அந்தப் பட்டியலே போதும். 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27-ஆம் நாள் அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் தொடங்கியபோது உள்ளூர்ப் பெண்கள் எத்தனை ஆர்வத்துடன் முன்வந்தார்கள் என்பதை மாநிலமே கண்டது. பின்னர் அதன் அளவு சுருங்கினாலும், மாலை நேரத்தில் தெருவோரத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரப் பழகியவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஒலிப்பயிற்சியிலும் எழுத்துத் தொகுதி முறையிலும் அவர்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, சிறப்புப் பயிற்றுநர் மாதம் இருமுறை வந்து மேற்பார்வையிடும் ஏற்பாட்டைக் குறிஞ்சிப்பாடி போன்ற ஓர் ஒன்றியத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அப்பயிற்சியை வடிவமைப்பதில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைக்கு இயல்பான பங்கு உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம் முதல் இத்துறையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தின் அனுபவமும் சென்னைக்கு வெளியே பரவலாகப் பயன்பட வேண்டும். சிதம்பரத்தில் வாழும் ஒரு தாய் வாரந்தோறும் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல முடியாது.

இடைவெளி இருக்கும் இடத்தில் வணிகம் நுழைவது இயல்பு. 'மூன்றே மாதத்தில் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவை நோய்கள் அல்ல. மருந்தாலோ உணவுமுறையாலோ கற்றல் குறைபாடு நீங்குவதில்லை. பிள்ளையை ஒப்படைக்கும் முன் பயிற்றுநரிடம் சிலவற்றைக் கேட்கலாம். என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதை எப்படிக் கண்டறிவீர்கள்? அடுத்த ஒரு மாதத்தில் எதைக் கற்பிக்கப் போகிறீர்கள்? அது பலித்ததா என்பதை எதைக்கொண்டு பார்ப்பீர்கள்? பள்ளிப் பாடத்தை முடித்துத் தருவதாக மட்டும் பதில் வந்தால் அது வழக்கமான டியூஷன்தான். கட்டணம் மட்டும் கூடுதல்.

பொதுத்தேர்வுச் சலுகைகளைப் பற்றியும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் பிற்பகுதியில் நினைவு வந்து ஓடுபவர்கள் பலர். அப்போதும் கிடைக்கலாம், ஆனால் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். மனத்தில் உள்ளதை ஒழுங்காக வாக்கியமாக்கிச் சொல்லவும், எழுதியதைத் திரும்பப் படிக்கக் கேட்டுத் திருத்தவும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழகிய பிள்ளைக்குத்தான் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் உண்மையில் பயன்படுகிறது.