முதலிடம் பிடித்தவர்கள் எதிர்வரிசையில்

ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ரென்ஃப்ரூஷயர் மன்றத்துக்கு 2022 மே 5 அன்று தேர்தல் நடந்தது. மொத்தம் 18 இடங்கள். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 6, தொழிற்கட்சி 5, கன்சர்வேடிவ் கட்சி 5, சுயேச்சைகள் 2 என்று முடிவு வந்தது. புதிய மன்றம் கூடியபோது தலைவர் நாற்காலியில் அமர்ந்தவரோ தொழிற்கட்சியின் ஓவன் ஓ'டானல். அதிக இடங்களை வென்ற தேசியக் கட்சி எதிர்வரிசைக்குப் போனது.

கிளாஸ்கோ நகரின் தெற்கு விளிம்பை ஒட்டிய புறநகர்ப் பகுதி இது. 1996-இல் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி அமைப்பு மாற்றியமைக்கப்பட்டபோது தனி மன்றமானது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். கிஃப்னாக், கிளார்க்ஸ்டன், நியூட்டன் மேர்ன்ஸ் ஆகியவை கிளாஸ்கோவுக்கு ரயிலிலும் காரிலும் வேலைக்குப் போய்வரும் வசதியான நடுத்தர வர்க்கத்தார் வாழும் ஊர்கள். ஸ்காட்லாந்து யூதர்களில் கணிசமானோர் இங்கே இருக்கிறார்கள். மேற்கே உள்ள பார்ஹெட் வேறு வகை; ஷாங்க்ஸ் ஆலையின் கழிப்பறைப் பீங்கான் சாமான்களால் பெயர் பெற்ற பழைய தொழிலாளர் ஊர். தெற்கே புல்வெளிகளும் சிறு கிராமங்களும். இவை அத்தனையும் ஒரே மன்றத்தின்கீழ் வருவதால், ஒரு கட்சி மட்டும் எல்லா இடங்களிலும் ஓங்கி நிற்பது கடினம்.

நாடாளுமன்றத் தேர்தல்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஒருகாலத்தில் கன்சர்வேடிவ் கட்சியின் உறுதியான கோட்டையாக இருந்த இத்தொகுதியை 1997-இல் தொழிற்கட்சியின் ஜிம் மர்ஃபி கைப்பற்றினார். 2015-இல் தேசியக் கட்சி, 2017-இல் கன்சர்வேடிவ், 2019-இல் மீண்டும் தேசியக் கட்சி, 2024-இல் மீண்டும் தொழிற்கட்சி என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014-இல் கேட்டபோது இங்கே 63 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிக்க வேண்டும் என்று 74 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். முதல் கேள்வியில் தேசியக் கட்சிக்கு எதிராகவும் இரண்டாவதில் கன்சர்வேடிவ் அரசு நடத்திய வெளியேற்றத்துக்கு எதிராகவும் நின்ற வாக்காளர்களை எந்தக் கட்சியும் முழுமையாகத் தன்னவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இப்படிப் பிரிந்துகிடக்கும் மனநிலையை மன்றத்தில் அப்படியே காட்டுவது தேர்தல் முறை. இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் அதிக வாக்கு பெற்றவர் வெல்கிறார். ஸ்காட்லாந்து 2007 முதல் அதைக் கைவிட்டு, ஒற்றை மாற்று வாக்கு முறைக்கு மாறியது. நமது மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் முறையும் இதுதான். தமிழ்நாட்டில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வரும்போதெல்லாம் 'ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்' என்று செய்தித்தாள்கள் கணக்குப் போடுகின்றன அல்லவா, அதே கணக்கைத்தான் ஸ்காட்லாந்தில் தெருவில் போகிற சாதாரண வாக்காளருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான வார்டுகளிலிருந்து மூன்று அல்லது நான்கு பேர் தேர்வாகிறார்கள். வாக்காளர் சின்னத்தில் முத்திரை குத்துவதில்லை. தனக்குப் பிடித்த வரிசையில் வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுதுகிறார். ஒரே ஒரு எண்ணோடு நிறுத்திக்கொண்டாலும் வாக்கு செல்லும். செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் ஈவோடு ஒன்றைச் சேர்த்தால் வெற்றிக்குத் தேவையான அளவு கிடைக்கும். மூன்று இட வார்டில் 6,000 வாக்குகள் பதிவானால் அந்த அளவு 1,501. ஒருவர் 1,801 பெற்றுவிட்டால் மிச்சம் 300. அந்த மிச்சம் வீணாவதில்லை. அவருடைய வாக்குச்சீட்டுகள் அனைத்தும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மதிப்போடு அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. யாரும் அளவை எட்டாத சுற்றில், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் மாற்றப்படுகின்றன. பின்னங்களோடு மல்லாடும் வேலை என்பதால் எண்ணிக்கையைக் கணினியே செய்கிறது.

வேட்பாளர்களின் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் அச்சாவது இம்முறையின் ஒரு குறை. ஒரே கட்சியில் இருவர் நின்றால், வரிசையில் மேலே இருப்பவருக்கே முதல் விருப்பம் கூடுதலாக விழுகிறது. கட்சிகள் இதை நன்றாக அறிந்தே வேட்பாளர்களை நிறுத்துகின்றன.

ஈஸ்ட் ரென்ஃப்ரூஷயரின் ஐந்து வார்டுகளிலும் 2022-இல் நடந்ததைப் பார்த்தால் இம்முறையின் விளைவு கண்ணுக்குத் தெரியும். மூன்று இடங்கள் கொண்ட இரு வார்டுகளிலும் மூன்று கட்சிகளும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டன. கிளார்க்ஸ்டன் உள்ளிட்ட நான்கு இட வார்டில் அதே பங்கீடு, கூடவே ஒரு சுயேச்சை. நியூட்டன் மேர்ன்ஸ் தெற்கு, ஈகிள்ஷம் வார்டில் மட்டும் கன்சர்வேடிவ் இரண்டு பெற்றது. பார்ஹெட்டில் தேசியக் கட்சிக்கு இரண்டு, தொழிற்கட்சிக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று, கன்சர்வேடிவுக்கு ஒன்றுமில்லை. தொழிற்கட்சிக்கு ஐந்து வார்டுகளிலும் ஒவ்வோர் உறுப்பினர் கிடைத்தார். அதிக வாக்கு பெற்றவருக்கே எல்லாம் என்ற பழைய முறை இருந்திருந்தால், இப்படிப் பரவலாக ஆதரவுள்ள கட்சி பல இடங்களில் வெறுங்கையோடு திரும்பியிருக்கும்.

முந்தைய 2017 தேர்தலோடு ஒப்பிட்டால் மாற்றம் சிறியதுதான். அப்போது கன்சர்வேடிவ் 7, தேசியக் கட்சி 5, தொழிற்கட்சி 4, சுயேச்சைகள் 2. அந்த முறையும் முதலிடம் பிடித்த கன்சர்வேடிவ் ஆட்சிக்கு வரவில்லை. தேசியக் கட்சியும் தொழிற்கட்சியும் கைகோத்து, தேசியக் கட்சியின் டோனி புக்கானன் தலைவரானார். அதற்கும் முன்பு 2012-இல் இதே இரு கட்சிகள் தொழிற்கட்சியின் தலைமையில் ஆண்டன.

இந்த நீண்டநாள் உறவு 2022-இல் முறிந்ததற்கு உள்ளூர்ச் சண்டையைவிட மேலிடத்தின் முடிவே பெரிய காரணம். தேசியக் கட்சியோடும் கன்சர்வேடிவோடும் முறையான கூட்டணி எங்கும் கூடாது என்று ஸ்காட்லாந்து தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வார் அறிவித்திருந்தார். எனவே ஓ'டானல் சிறுபான்மை நிர்வாகத்தையே அமைத்தார். பெரும்பான்மைக்குப் பத்து இடங்கள் வேண்டும். அவருடைய கட்சியிடம் இருந்தது ஐந்து. வரவுசெலவுத் திட்டம் முதல் எதை நிறைவேற்றவும் பிறரின் வாக்கையோ, குறைந்தபட்சம் அவர்கள் எதிர்க்காமல் இருப்பதையோ நம்பியே நடக்க வேண்டும். தலைநகர் எடின்பரோவிலும் இதே கதைதான்: 63 இடங்களில் தேசியக் கட்சிக்கு 19, தொழிற்கட்சிக்கு 13, தலைமை தொழிற்கட்சிக்கு.

நாடு முழுவதும் அந்தத் தேர்தலில் தேசியக் கட்சி 453 உறுப்பினர்களோடு முதலிடம் பெற்றது. தொழிற்கட்சி 282-ஆக உயர்ந்து இரண்டாமிடத்தை மீட்டது. கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சனின் அலுவலகத்தில் விருந்துகள் நடந்த விவகாரம் சூடாக இருந்த நேரம் அது. கன்சர்வேடிவ் 62 இடங்களை இழந்து 214-க்கு இறங்கியது. பெரும்பாலான மன்றங்களில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இந்த மன்றங்கள் கையில் வைத்திருப்பது தெருவிளக்கு மட்டுமல்ல. அரசுப் பள்ளிகளை நடத்துவதே மன்றங்கள்தான். ஈஸ்ட் ரென்ஃப்ரூஷயரின் பள்ளிகள் தேர்வு முடிவுப் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்பவை; அவற்றின் சேர்க்கை எல்லைக்குள் வீடு வாங்கவே பலர் இங்கு குடிவருகிறார்கள். நியூட்டன் மேர்ன்ஸில் யூதத் தொடக்கப்பள்ளியும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியும் ஒரே வளாகத்தில் இயங்குமாறு 2017-இல் திறந்துவைத்ததும் இந்த மன்றமே. முதியோர் பராமரிப்பு, சாலை, குப்பை, நூலகம், கட்டட அனுமதி ஆகியவையும் இதன் பொறுப்பு. ஆனால் செலவுப் பணத்தின் பெரும்பகுதி ஸ்காட்லாந்து அரசின் மானியமாகவே வருகிறது. மன்ற வரி சிறு பங்குதான். ஆண்டுதோறும் சண்டை நடப்பது என்னவோ அதன் விகிதத்தைப் பற்றித்தான்.

பதினாறு வயது நிரம்பியவர்கள் இத்தேர்தலில் வாக்களிக்கலாம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, முறையான அனுமதியோடு ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் எந்த நாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. காமன்வெல்த் நாட்டவர்கள் என்ற முறையில் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அதற்கு முன்பே வாக்கு இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அடுத்த தேர்தல் 2027 மே மாதம்.